ஊர்க்கொடி ஏற இன்னும் ₹1,72,500 வேண்டும்

ஆண்டாள் அருள் முன்னிற்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமக்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஊர்க்கொடிக் குழுவின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் ஊருக்கென ஒரு கொடி, அதற்குச் சின்னம், கம்பம், வரலாற்றுக் கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தச் செலவு ₹4,85,000. சேர்ந்திருப்பது ₹3,12,500. மீதி வைகாசி 20ஆம் தேதிக்குள் வந்தால்தான் ஆடிப்பூரத் தேருக்கு முன் கொடி ஏறும். கம்பத்தின் அடித்தளக் கான்கிரீட் முழு வலுவுக்கு வர 28 நாள் ஆகும். அதனால் ஆனி பிறப்பதற்குள் குழியை நிரப்பியாக வேண்டும். அவசரப்பட்டு வலு ஏறாத அடித்தளத்தில் 40 அடிக் கம்பத்தை நிறுத்த எந்த மேஸ்திரியும் சம்மதிக்க மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம்.

கொடியில் என்ன இருக்க வேண்டும் என்று நாம் தேடி அலைய வேண்டியதில்லை. வில்லி, கண்டன் என்ற வேடர் குலத்து உடன்பிறந்தார் கதை இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். கண்டனைப் புலி கொன்றது, வில்லி காட்டைத் திருத்திக் கோயில் எழுப்பினான், அவன் பெயரே ஊருக்கும் ஆனது. அதற்கு அடையாளம் வில். நந்தவனத்துத் துளசி அடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த பெண்ணுக்கு அடையாளம் அவள் இடக்கைக் கிளி. வடபத்ரசாயி சன்னிதியின் பதினொரு நிலை ராஜகோபுரத்தைப் பற்றி நாங்கள் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் வரைந்த தமிழக அரசு முத்திரையில் நிற்பது நம் கோபுரம்தான் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். மதுரைக்காரர்கள் அது தங்கள் மேலக் கோபுரம் என்பார்கள். மதுரைக் கோபுரத்தில் நிறைந்திருக்கும் சுதைச் சிற்பம் முத்திரைக் கோபுரத்தில் உண்டா என்று மட்டும் அவர்கள் ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும்.

ஆனால் அந்த முத்திரையை அப்படியே எடுத்து ஊர்ச் சின்னம் ஆக்க முடியாது. அரசுச் சின்னங்களைப் பிறர் எடுத்தாள்வதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நாற்சிங்கத் தலைக்கு 2005இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஆகவே சிங்கமும் இல்லை, மூவர்ணமும் இல்லை. கோபுரம், வில், கிளி மூன்றையும் புதிதாகவே வரையச் சொன்னோம். சின்னம் வரையவும் அச்சுத் திரை செய்யவும் ₹35,000. பால்கோவாவையும் சேர்க்கச் சொன்னவர்களுக்கு: அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அது போதும்.

சின்னத்தில் கோபுரம் சிறுத்தால் சிக்கல். ரப்பர் முத்திரை அளவில், 18 மில்லிமீட்டர் உயரத்துக்குள் பதினொரு நிலை வந்தால் ஒரு நிலைக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் கிடைக்கும். வாசல், மாடம் எல்லாம் போட்டால் மை அப்பிக் கரிக்கட்டை ஆகிவிடும். கலசங்கள் சீப்புப் பல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். நிலையைக் குறைக்கப் பெரியவர்கள் ஒப்பவில்லை, அது சரியும்கூட. எனவே சின்ன அளவுக்கு வாசல்களை நீக்கிப் பதினொரு கோடு மட்டும் நிற்கும்படி தனி வரைபடம் இருக்கிறது.

கொடியில் எழுத்தே கிடையாது. ஒரு பக்கம் அச்சடித்தால் மறுபக்கம் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். இரண்டு துணியை ஒட்டித் தைத்தால் கனத்துப்போய்த் தொங்கும். துணியின் நிறம் சந்தனம். வேறு எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு கட்சிக் கொடி வந்து நிற்கிறது. கிளி கம்பத்தைப் பார்த்திருக்கும். தாயார் கையில் நாள்தோறும் புதிதாக ஏறும் கிளிக்கு மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு. கொடியிலும் அதே பச்சை, அதே சிவப்பு. வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்புதான். அலகு ரோஜா நிறமானால் கொடியை மாற்ற வேண்டும் என்று பொருள்.

ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கொடித்துணி கிழியும். கிழிசல் எப்போதும் கம்பத்துக்கு எதிர் ஓரத்தில்தான் தொடங்கும், அங்கேதான் துணி சாட்டைபோல் அடிபடுகிறது. அந்த ஓரத்தை மூன்றாக மடித்து, பாலியெஸ்டர் நூலில் நான்கு வரிசைத் தையல், மூலைகளில் ஒட்டுத்துணி. இப்படி 6க்கு 9 அடியில் நான்கு கொடி, தலா ₹4,500. தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் 2க்கு 3 அடியில் 150 கொடி, தலா ₹420.

கம்பத்துக்கு ₹1,65,000. கம்பத்தைக் கான்கிரீட்டுக்குள் புதைத்தால் தரை மட்டத்தில் தண்ணீர் நின்று சில ஆண்டுகளில் அங்கேயே துருப்பிடித்து அரித்துவிடும். அதனால் தரைக்கு அரை அடி மேலே தகடு வைத்து கான்கிரீட்டில் பதித்த ஜே (J) வடிவ போல்ட்டில் முடுக்குகிறோம். இடிதாங்கிக்குக் கரியும் உப்பும் இட்ட எர்த் குழியும் இதில் அடக்கம். தேசியக் கொடி ஏறும் நாளில் அதற்குத் தனிக் கம்பம்தான். நம் கொடி அதைவிட உயரத்திலோ அதை ஒட்டியோ பறக்கக் கூடாது. விளக்குக்கு ₹40,000, வண்டி வாடகைக்கும் கட்டணங்களுக்கும் ₹24,000.

வரலாற்றைச் சொல்லும் கருங்கல் பலகைக்கு ₹1,40,000. சிற்பி எழுத்துக்கு ₹30 கேட்கிறார். 1,900 எழுத்துக்கே ₹57,000 ஆகிறது. ஆகவே ₹5,000க்குக் குறைந்த நன்கொடையாளர் பெயர் கல்லில் வராது, பதிவேட்டில் வரும். வருத்தப்பட வேண்டாம்.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி வாழ்த்துவது! ஒரு நாள் கூலியை அப்படியே தந்த தறிக்காரர்கள், கல்லாவில் உண்டியல் வைத்த பால்கோவாக் கடைக்காரர்கள், உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே ₹3,640 கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள், சவாரிக்குப் பத்து ரூபாய் என ஒரு மாதம் ஒதுக்கிய ஆட்டோ ஓட்டுநர்கள், கோபுரம் ஊருக்கே பொது என்று சொல்லி முதல் ரசீதைக் கிழிக்கச் சொன்ன பள்ளிவாசல் தெரு வியாபாரிகள், மாதம் தவறாமல் அனுப்பும் சிங்கப்பூர், துபாய்ப் பிள்ளைகள். எல்லோர் குடும்பமும் தழைக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முதல் கூட்டத்தில் கைதட்டலோடு தொகை எழுதியவர்களில் 41 பேர் இன்னும் தரவில்லை. அது மட்டுமே ₹96,000. பெயர்களை வெளியிடப் போவதில்லை. ஆனால் சில்லறை கொண்டுவந்த அந்தப் பிள்ளைகளில் சிலர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தாம்.

குழுவுக்கு 80ஜி சான்று இல்லை, வரிச்சலுகை கேட்க முடியாது. அச்சிட்ட எண் உள்ள ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். பொருளாகத் தர விரும்புவோர் சிமெண்ட், கம்பி தரலாம். துணி வேண்டாம், ஒரே சாயத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. கல்லில் பெயர் வர வேண்டியவர்கள் தலைப்பெழுத்தோடு தமிழில் எழுதித் தாருங்கள். வைகாசி 20க்குப் பிறகு எழுத்துப் பட்டியல் சிற்பியிடம் போய்விடும்.