கெட்டிமேளத்துக்கு முன்னால்

தென்காசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பின ரிப்போர்ட்டை மூன்று தடவை படித்துவிட்டேன். உனக்கு ஆட்டிசம், அதாவது சத்தத்தையும் மனுஷர்களையும் மூளை பிறவியிலேயே வேறு மாதிரி உணர்கிற நிலை, என்று அதில் பார்த்ததும் முதல் தடவை பயம்தான் வந்தது. மூன்றாவது தடவை படிக்கும்போது உன் நாலு வயசு ஞாபகம் வந்தது. போனில் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

சித்தி கல்யாணம். மேடைக்குப் பக்கத்தில், தவிலுக்கு நேர் எதிரே நாம் உட்கார்ந்திருந்தோம். உனக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை. அந்த ஜரிகை இடுப்பில் உறுத்துகிறது என்று காலையிலிருந்தே பிய்த்துக்கொண்டிருந்தாய். "கெட்டிமேளம்" என்று குரல் வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடி, பந்தி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாய். நான் உன்னை இழுத்து வெளியே எடுத்து, அத்தனை பேர் முன்னால் முதுகில் ஒன்று வைத்தேன். "இவ்வளவு அடம் ஆகாது" என்றேன். அடிக்காக நீ அழவில்லை. மேளம் நிற்கும்வரை காதிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. அதைப் பார்த்தேன், பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

ஒரு மாதமாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலானவர்களின் மூளை அதைக் கண்டுகொள்வதைக் குறைத்துக்கொண்டே வருமாம். நம் கூடத்து மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது, என் காதில் விழுவதே இல்லை. ஆட்டிசம் உள்ள சிலருக்கு அந்தக் குறைவு மெதுவாகத்தான் நடக்கிறது என்று மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இன்னொரு விளக்கமும் படித்தேன். அடுத்து என்ன வரும் என்று மூளை எப்போதும் ஊகித்துக்கொண்டே இருக்கும். அந்த ஊகத்தின் பிடி இளகலாக இருந்தால், கண்ணும் காதும் கொண்டுவருவதெல்லாம் வடிகட்டாமல் அப்படியே வந்து விழும் என்கிறார்கள். நீ ஒரே எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிடுவேன் என்றதும், ரிக்ஷாக்காரர் வேறு தெருவில் திரும்பினால் அழுததும் இப்போது எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அடுத்து வருவது தெரிந்தால் உனக்கு நிம்மதி. அவ்வளவுதான் நீ கேட்டிருக்கிறாய்.

லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். லிஃப்ட், முட்டை அடிக்கிற கருவி என்று சத்தம் போடுகிறவற்றுக்கு அந்தப் பிள்ளைகளில் சிலர் பயந்ததை அப்போதே குறித்து வைத்திருக்கிறார். நான் சட்னிக்கு மிக்ஸி போட்டால் நீ கொல்லைப்பக்கம் ஓடுவாயே! ஆனால் அமெரிக்க மனநலக் கையேட்டில் இப்படிச் சத்தம் தாங்காதது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத் தெளிவாகச் சேர்ந்தது 2013-ல்தான். எழுபது வருஷம்!

நான் வேலைக்குப் போனதால்தான் நீ இப்படி என்று சொந்தத்தில் பேசினார்கள். ராத்திரியில் நானும் அதை நம்பியிருக்கிறேன். மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் பாசமில்லாத அம்மாக்கள்தான் காரணம் என்று டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். 1977-ல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இருவர், ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இரண்டு பேருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் பேச்சு திரும்பியது. படித்ததும் ஒரு பாரம் இறங்கியது, பாப்பா. ஆனால் அந்த மண்டபத்து அடி நான் கொடுத்ததுதான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ரிப்போர்ட்டில் நீ சொல்லியிருந்த ஒன்றுதான் என்னை ரொம்ப உலுக்கியது. ஆபீஸில் யாராவது பேசினால் அவர் புருவ மத்தியைப் பார்த்து மூன்று எண்ணுவாய், அப்புறம் பார்வையை எடுப்பாய் என்று இருந்தது. நாள் முழுக்க அப்படி எண்ணி எண்ணி, சாயங்காலம் விளக்கை அணைத்துப் படுத்துக்கிடப்பாயாம். அந்த நேரத்தில்தான் நான் போன் பண்ணி, எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்வேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மெசேஜ் போட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன், சரியா?

டேமியன் மில்டன் என்று ஒருவர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என்று புரிந்துகொள்ளாமல் போவது இரண்டு பக்கமும் நடக்கிறது என்று 2012-ல் எழுதினார். "அவளுக்கு அடுத்தவர் மனசு தெரியாது" என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். உன் மனசு எனக்குத் தெரிந்ததா?

தை மாதம் பெரியப்பா மகன் கல்யாணம். மண்டபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாடியில் பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். அந்தச் சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன். பட்டு வேண்டாம், உன் பழைய பருத்திச் சேலையே போதும், கஞ்சி போடாமல் துவைத்து வைத்திருக்கிறேன். வர முடியாது என்றால் அதையும் எழுது, பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வந்தால், கெட்டிமேளத்துக்கு முன்னாலேயே அட்சதையை எடுத்துக்கொண்டு நான் மாடிக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா