தூணில் ஒரு நீர்மட்டம்

அன்புள்ள கண்ணு,

எகிப்தில் அஸ்வான் ஊரில் கப்பல் கரை கட்டி நிற்கிறது. அம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். உனக்குக் குரல் பதிவு அனுப்பலாம் என்று நேற்றிலிருந்து மூன்று தடவை முயன்று பார்த்தேன். "ஹலோ"வுக்கு மேல் வாய் வரவில்லை. அதனால் கப்பல்காரர்கள் கொடுத்த தாளில் எழுதுகிறேன். போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

முதலில் குறையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நமக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட், "ஜன்னலைத் திறந்தால் நைல் நதிதான் சார்" என்றார். லக்சரில் முதல் நாள் காலை திரையை விலக்கினேன். எட்டித் தொடுகிற தூரத்தில் ஒரு வெள்ளைக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கரையில் இடம் போதாதாம், கப்பல்களை நாலைந்தாக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிடுகிறார்கள். கரை ஏற வேண்டுமென்றால் மற்றக் கப்பல்களின் வரவேற்புக் கூடம் வழியாகத்தான் நடக்கணும். எனக்கு எரிச்சல். அம்மாவுக்கு அதுதான் பிடித்துப்போனது. இந்தக் கப்பல் சோபா நன்றாயிருக்கு, அந்தக் கப்பல் பூச்சாடி நன்றாயிருக்கு என்று மார்க் போட்டுக்கொண்டே வந்தாள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. டாமியா என்று ஒன்று போடுகிறார்கள், மொச்சை மாதிரி ஒரு பயறை அரைத்துப் பொரித்தது, நம்ம மசால் வடைக்குத் தம்பி. கொஷரி என்று இன்னொன்று. சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே தட்டில், மேலே வறுத்த வெங்காயம். எவனோ பசியில் கண்டுபிடித்திருக்கிறான். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

ஆற்றின் திசை பழகத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதனால் இவர்களுக்கு 'மேல் எகிப்து' என்றால் தெற்கு. நாங்கள் லக்சரிலிருந்து அஸ்வானுக்கு வந்தது ஓட்டத்துக்கு எதிராக. ஆனால் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து அடிக்கிறது. பாய் விரித்தால் தெற்கே போகலாம், சுருட்டினால் வெள்ளமே வடக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். பழைய எழுத்திலேயே அது இருக்கிறது. பாய் விரித்த படகு வரைந்தால் தெற்கே போவது, பாய் இல்லாத படகு வடக்கே போவது. இதைக் கேட்டதும் அந்த ஜன்னல் கோபம் பாதி போய்விட்டது.

எஸ்னாவில் ஒரு லாக் இருக்கிறது. கப்பலை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றித் தூக்கிவிடுவார்கள். முறை வருவதற்குக் காத்து நிற்கும்போது சின்னப் படகுகளில் துணி வியாபாரிகள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா நாலாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். "இந்தியா! அமிதாப் பச்சன்!" என்று கத்திக்கொண்டே ஒரு பையன் பிளாஸ்டிக் பையில் சுற்றிய நீள அங்கியை வீசினான். நேராக என் காலடியில் விழுந்தது. பேரம் முழுக்க விரலாலேயே நடந்தது. அவன் கையை நெஞ்சில் வைத்துச் சாய்ந்தான், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் பணத்தை அதே பையில் முடிந்து கீழே எறிந்தோம். சேலம் கடைவீதியில் நாற்பது வருஷம் பழகிய கை, ஏமாறவில்லை.

கர்னாக் பெரிய கோவில், ஒரே மண்டபத்தில் 134 தூண். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிதான். எட்ஃபூ கோவிலும் அழகு. அரசர் கல்லறைகளைப் பற்றி நீயே என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய்.

"எதுப்பா பிடிச்சிருந்தது?" என்று கேட்டாயே, சொன்னால் சிரிப்பாய். கோம் ஓம்போ கோவிலில் ஒரு கிணறு. எல்லாரும் முதலை மம்மி பார்க்க ஓடினார்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆற்றில் வெள்ளம் வந்தால் கிணற்றிலும் ஏறும். எவ்வளவு ஏறியது என்று பூசாரிகள் அளந்து பார்ப்பார்கள், அதை வைத்து அந்த வருஷத்து வரி. பிளினி என்கிற ரோமானியர் அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்: 12 முழம் ஏறினால் பஞ்சம், 13 என்றாலும் பசி, 14க்கு முகம் மலரும், 15க்கு நிம்மதி, 16 என்றால் கொண்டாட்டம். 34 வருஷம் மேட்டூரில் காலை எழுந்ததும் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று எழுதின கை இது. அந்தப் பூசாரியோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்திருக்கலாம்.

அப்புறம் பிலே. ஐசிஸ் என்ற பெண் தெய்வத்தின் கோவில். 1902இல் வெள்ளைக்காரன் அஸ்வானில் கட்டிய முதல் அணையால் வருஷத்தில் பல மாதம் தண்ணீரில் நின்ற கோவில். பிறகு பெரிய அணை வந்ததும், கல் கல்லாகப் பிரித்துப் பக்கத்துத் தீவில் கொண்டுபோய் வைத்து, 1980இல் திறந்தார்கள். எல்லாரும் சிற்பம் பார்த்தார்கள். தூணில் ஓர் உயரத்துக்குக் கீழே கல்லின் நிறம் மாறியிருக்கிறது, கோடு கிழித்த மாதிரி. அது பழைய நீர்மட்டம். கோவிலை வேறு தீவுக்கே மாற்றியும் அந்தக் கறை கூடவே வந்துவிட்டது. நான் அதைத் தடவிப் பார்த்தேன், காவலாளி அதட்டினான்.

எங்களைக் கூட்டிப்போன பையன் நுபியன், இந்தத் தெற்குப் பக்கத்து ஆற்றங்கரை இனத்தவன். அபு சிம்பல் போகும் வழியில், விடியக்காலை இருட்டில், அவனாகவே பேச ஆரம்பித்தான். பெரிய அணைக்காக 1963, 64இல் அவன் ஆட்கள் ஐம்பதாயிரம் பேரைக் கிளப்பிக் கோம் ஓம்போ பக்கம் குடியமர்த்தினார்களாம். ஊர்ப் பெயர்கள் மட்டும் அதே பெயர்கள், ஆறு கண்ணில் படாத இடம். அவன் தாத்தாவுக்குப் படகு ஓட்ட மட்டும்தான் தெரியுமாம். "கோவிலுக்கு உலகமே பணம் போட்டது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, வழி சொல்வதுபோலச் சொன்னான்.

அதுவும் உண்மைதான். அபு சிம்பலில் ராம்சேஸ் அரசரின் மலைக்கோவில் இரண்டையும் ஆயிரம் துண்டுக்கு மேல் அறுத்து, பழைய இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். எங்கே அறுத்தது என்று தேடினேன், என் கண்ணுக்கு அகப்படவில்லை. பொறியாளனாகப் பார்த்தால் கும்பிடத்தான் வேண்டும்.

பெரிய அணை எனக்கு ஏமாற்றம். மேட்டூர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் கல் சுவர் என்று நினைத்துப் போனேன். இது பாறையும் மண்ணும் கொட்டின மேடு, மேலே ரோடு, அவ்வளவுதான். பின்னால் திரும்பினால்தான் பயம் வருகிறது. நம்முடையது 93.47 டிஎம்சி. இந்த ஏரி அது மாதிரி ஐம்பது கொள்ளும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் அப்பாரு, என் அப்பா, நினைவு வந்தது.

நீ ஆறாவது படிக்கும்போது கேட்டாய், "அப்பாரு ஊர் எங்கேப்பா?" என்று. அணை மேலிருந்து கையைக் காட்டி, "அதோ, தண்ணிக்குள்ளே" என்றேன். நீ மறுபடி கேட்டாய், நான் ஐஸ் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்துவிட்டேன். அணை கட்டி முடித்த 1934இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. நீர் இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் நந்தி வெளியே தெரியும்போதெல்லாம் அவர் தனியாகப் போய்விட்டு வருவார். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அது நீர்மட்டம், அவ்வளவுதான். 60 அடி, 55 அடி என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அணை அறுபதுக்குக் கீழே இறங்குகிற வருஷம் சொல்கிறேன், லீவு போட்டு வா. பரிசலில் போக வேண்டியிருக்கும், சேற்றில் கொஞ்சம் நடக்கவும் வேண்டும். அப்பாரு எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், கேட்டு வைக்கிறேன்.

அம்மா கூப்பிடுகிறாள். அந்த அங்கி பெட்டியில் அடங்கவில்லையாம். என் வேட்டியை வெளியே எடுத்து வைத்திருக்கிறாள்.

அப்பா