டிசம்பர் ஐஸுக்கு முன்னால்

பிறை, பினாங்கு
நவம்பர் 16

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியை அம்மா மூன்று தடவை போட்டுக் கேட்டாள். எனக்கு முதல் தடவையிலேயே வயிற்றைக் கலக்கிவிட்டது. டிசம்பர் முதல் வாரம், ஆஸ்பத்திரி நண்பர்கள் நான்கு பேரோடு கனடாக் குளிரில் வின்னிபெக் ஏரிக்குப் போய், ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறாயாம். ஏதோ மாமாக் கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போவதுபோலச் சொல்கிறாய். போகாதே என்று சொல்ல மாட்டேன். பத்து வயதுப் பிள்ளையைப் பினாங்குப் பாலத்தடியில் தூண்டிலோடு உட்காரவைத்தவன் நான். இப்போது எந்த முகத்தோடு தடுப்பது? ஆனால் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இவருக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பாய். முந்தின வருஷம் பிப்ரவரியில் நாங்கள் வந்திருந்தபோது நீ நைட் ஷிப்டில் இருந்தாய். உன் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை ஏரிக்கரையில் இருக்கும் கிம்லிக்குக் கூட்டிப்போனார். 1875-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்து அங்கே குடியேறினார்களே, அவர்கள் வம்சம். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம், அவருக்குப் பேச்சே கொஞ்சம். மூன்று நாளில் அவர் சொன்ன வார்த்தைகளை எண்ணிவிடலாம். நான் செய்த தப்புகளை எண்ண முடியாது. அதில் பாதியாவது உனக்கு உதவட்டும்.

முதல் விஷயம் நாள். நான் போனது பிப்ரவரி. அப்போது காலடியில் இரண்டடிக்கு மேல் ஐஸ். நீ போவது டிசம்பர் தொடக்கம். ஏரி அப்போதுதான் உறையத் தொடங்கியிருக்கும். ஓர் இடத்தில் ஆறு அங்குலம், இருபது காலடி தள்ளி இரண்டு அங்குலம் என்று இருக்கலாம். மேலே பனி விழுந்து மூடியிருந்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொன்று, பனி போர்வை மாதிரி. மேலே போர்த்திக்கொண்டால் குளிர் கீழே இறங்காது, ஐஸ் தடிக்கத் தாமதமாகும். பனி குவிந்த இடம்தான் உறுதியான இடம் என்று நான் நினைத்தேன். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தடிமன் கணக்கைக் குறித்துக்கொள். தெளிந்த ஐஸ் 4 அங்குலம் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம் என்று பல இடங்களில் சொல்வார்கள். கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் 15 சென்டிமீட்டர், அதாவது சுமார் 6 அங்குலம் வேண்டும் என்கிறது. கும்பலாக நிற்பதென்றால் 20 சென்டிமீட்டர். நீ செஞ்சிலுவைக் கணக்கையே எடு. அதுவும் தெளிந்த ஐஸுக்குத்தான். வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதி, ஆகவே தடிமன் இரு மடங்கு வேண்டும்.

இந்தத் தெளிந்த ஐஸ், வெள்ளை ஐஸ் சமாச்சாரம் உனக்குப் புதிது இல்லை. மீன் பெட்டிக்கு ஐஸ் வாங்க என்னோடு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? ஐஸ் பாளத்தின் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், சுத்தியலால் அடித்தாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் பால் மாதிரி வெளுத்திருக்கும் பகுதி பொலபொலவென்று உதிரும். காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொண்டதால் அப்படி. நீ அந்த வெள்ளைத் துண்டைத்தான் வாயில் போட்டுக்கொள்வாய். ஏரியிலும் அதே கதைதான். பனி விழுந்து நனைந்து மறுபடி உறைந்தது வெள்ளையாக இருக்கும். நீல நிறமோ கருமையோ தெரிந்தால் அது நல்ல ஐஸ். சாம்பல் நிறம் கண்டால் அங்கே கால் வைக்கவே வேண்டாம், ஈரம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம்.

பெரியவர் கையில் எப்போதும் ஒரு கடப்பாரை. நான்கைந்து காலடிக்கு ஒருமுறை முன்னால் ஓங்கிக் குத்துவார். குத்தின இடத்தில் தண்ணீர் வந்தால் வந்த வழியே திரும்புவார். நான் முதல் நாள் அவரைத் தாண்டி வேகமாக நடந்தேன், குளிருக்குச் சூடு பிடிக்கட்டும் என்று. சட்டைக் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அறுபது வயதில் என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்த ஒரே ஆள் அவர்தான். அன்று கோபம் வந்தது, இன்று இல்லை. உங்களில் ஒருவர் கையில் கடப்பாரை இல்லாமல் கரையை விட்டு இறங்காதே. வரிசையாக, இடைவெளி விட்டு நடங்கள். ஆறு ஏரியில் கலக்கும் இடம், இரண்டு கரை நெருங்கும் குறுகல், படகுத்துறைத் தூண்களைச் சுற்றி, ஐஸ் வெடித்து மேடு கட்டியிருக்கும் இடம், இதெல்லாம் பக்கத்திலேயே போகாதே. தண்ணீர் அசையும் இடத்தில் ஐஸ் ஒழுங்காகக் கட்டாது.

நண்பர் டிரக்கை ஏரிமேல் ஓட்டுவார் என்றாயே, அதற்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். டிரக்குக்கு ஓர் அடிக்கும் மேலே தெளிந்த ஐஸ் வேண்டும், டிசம்பர் முதல் வாரத்தில் அதை யாரும் உனக்கு உத்தரவாதம் தர முடியாது. கரையில் நிறுத்திவிட்டு, சாமான்களைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துப் போங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்த இடத்தில் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். அம்மா வயிற்றில் நீ ஏழு மாதம். நான் பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் தனியாகச் சம்பான் படகில் மீன் பிடிக்கப் போனேன். வேலையிடத்தில் "நாளைக்குச் சியாகாப் மீன் கொண்டுவருகிறேன்" என்று நாலு பேரிடம் வாய் விட்டிருந்தேன். மூன்று மணி நேரம் ஒரு கடி இல்லை. தண்ணீர் வற்றத் தொடங்கியது தெரிந்தது. இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று உட்கார்ந்தேன். அப்புறம் பார்த்தால் சம்பான் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கினால் இடுப்பளவு சேறு. ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி தண்ணீர் ஏறியபிறகுதான் வீடு வந்தேன். அந்த வயிற்றோடு உன் அம்மா படகுத்துறையில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு நீரோட்டம் தெரியாமல் போகவில்லை பாப்பா, வெறுங்கையோடு போகக் கூச்சம், அவ்வளவுதான். அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்து, வாடகைக்குக் கருவி எடுத்து, லீவு போட்டு வந்த நாலு பேருக்கு, ஐஸ் மூன்று அங்குலம்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அதே கூச்சம் வரும். முதலில் "திரும்பலாம்" என்று சொல்கிற ஆள் நீயாக இரு. அப்பா பயந்தாங்கொள்ளி, திட்டுவார் என்று பழியை என்மேல் போடு.

சரி, உள்ளே விழுந்துவிட்டால்? மனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்று ஒரு பேராசிரியர், தன்னையே உறைநீரில் இறக்கி ஆராய்ச்சி செய்தவர். உன் ஊர்க்காரர்தான். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக ஓடும். அப்போது வேறு எதுவும் செய்யாதே, தலையை மேலே வைத்து மூச்சை மட்டும் அடக்கு. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் உன் பேச்சைக் கேட்கும், வெளியே வருவதற்கான நேரம் அது. குளிரில் நினைவு தப்ப கிட்டத்தட்ட 1 மணி நேரம் ஆகும். ஆக, விழுந்ததும் செத்தோம் என்று பதற வேண்டியதில்லை. வந்த திசைக்கே திரும்பு, ஏனென்றால் அந்த ஐஸ்தான் உன்னைத் தாங்கியது. காலை உதைத்து உடம்பைத் தண்ணீரோடு மட்டமாக்கி, முன்னால் இழுத்து ஏறு. ஏறினபின் எழுந்து நிற்காதே, படுத்தபடியே உருண்டு போ. தப்பித்தவர்கள் எழுந்து நின்று மறுபடி விழுவார்களாம்.

கூடாரத்தைப் பற்றி நீ அதிகம் யோசித்திருக்க மாட்டாய். நான் செய்த தப்பிலேயே மோசமானது அங்கேதான். உள்ளே சின்னக் கேஸ் அடுப்பு எரிகிறது, வெளியே மைனஸ் 25. மேலே ஒரு காற்றுத் துளை வழியாகக் குளிர் என் கழுத்தில் ஊசி குத்துகிறது. பெரியவர் வெளியே போனதும் துணியைச் சுருட்டி அதை அடைத்தேன். நல்ல கதகதப்பு. கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது, சாப்பிட்ட மயக்கம் என்று நினைத்தேன். அவர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, துணியைப் பிடுங்கிப் பனியில் எறிந்தார், கூடார வாயைத் திறந்துவைத்தார். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் குமட்டலும் தூக்கமும்தான் அடையாளம். நீ நர்ஸ், உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் குளிரும்போது நர்ஸும் ஜிப்பை இழுத்து மூடத்தான் செய்வாள். பேட்டரியில் ஓடும் எச்சரிக்கை மணி ஒன்று வாங்கித் தொங்கவிடு.

உடுப்பில் இரண்டே சொல்கிறேன். பருத்திச் சட்டை உள்ளே வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் குளிரும்; கம்பளி போடு. துளை போடும்போது மேல் கோட்டைத் திறந்துவிடு. நான் கோட்டோடு துளைத்து வியர்த்து, அப்புறம் ஒரு மணி நேரம் பல் கிட்டியது. பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் இரண்டு சாக்ஸ் போட்டும் பயனில்லை. மற்றது உனக்கே தெரியும், அங்கே எட்டு வருஷம் இருந்துவிட்டாய்.

இனி மீன். எனக்குப் பிடித்த பகுதி.

நான் இங்கிருந்து 20 பவுண்டு இழுவை தாங்கும் என் தூண்டில் நரம்பைப் பெருமையாகக் கொண்டுபோனேன். குளிரில் அது சுருள் கம்பி மாதிரி விறைத்தது. அவர் தந்தது 6 பவுண்டு, கம்பு என் கை நீளம்கூட இல்லை. குளிர்காலத்தில் மீனுக்கு உடம்பு மந்தம். ஐஸுக்குக் கீழே தண்ணீர் 0-வுக்கும் 4 டிகிரிக்கும் இடையில்தான் இருக்கும், மீன் அதிகம் ஓடாது, பெரிதாகத் தின்னாது. சியாகாப் மாதிரி கம்பைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்காதே. அந்த ஏரியில் தேடிப் பிடிக்கும் பிக்கரல் மீன் கடிப்பது, தூங்குகிற குழந்தை விரலைப் பிடிப்பது போல இருக்கும். நான் மாவு ஆட்டுவதுபோல விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் வரவில்லை. இரையை அடியில் ஒருமுறை தட்டி, ஓர் அடி உயர்த்தி, அசையாமல் பிடிக்கவேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் வரும்.

வந்ததும் நம் ஊர்ப் பழக்கத்தில் தூண்டிலை ஓங்கி வெட்டி இழுத்தேன், தூண்டில் முள் மீன் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவது மீனுக்கு நரம்பைக் கொஞ்சம் தளரவிட்டேன், அதுவும் போயிற்று. மனிடோபாவில் எதிர்க்கொடுக்கு, அதாவது முள் நுனியில் பின்பக்கமாக நீட்டும் சின்னக் கூர், இல்லாத முள்தான் சட்டம்; இருந்தால் குறடால் அதை நசுக்கிவிட வேண்டும். நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் முள் கழன்றுவிடும். மெதுவாக, நிற்காமல் இழு. லைசென்ஸ் வாங்காமல் போகாதே, அதில் உள்ளதையும் படி.

இன்னொரு பொதுவான தப்பு, போட்ட ஒரே துளையில் நாள் முழுக்கத் தவம் கிடப்பது. வந்ததும் ஐந்தாறு துளைகளைச் சேர்த்துப் போட்டுவிடு, சத்தம் அடங்கட்டும். இருபது நிமிடம் கடி இல்லை என்றால் அடுத்ததற்குப் போ. பிக்கரலுக்கு மங்கிய வெளிச்சத்தில் கண் நன்றாகத் தெரியும், அதனால் விடிகிற நேரமும் சூரியன் இறங்குகிற நேரமும்தான் வேட்டை. அங்கே டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும். நல்ல கடி வரும் நேரமும் இருட்டும் நேரமும் ஒன்றுதான், அதைப் பார்த்துக்கொள். திரும்பும் வழியைப் போனில் குறித்துவை. போனை உள்பையில் வை, குளிரில் பேட்டரி சட்டென்று விழும்.

விட நினைக்கும் மீனைப் பனிமேல் போட்டுப் படம் எடுக்காதே, செவுளும் கண்ணும் உறைந்துவிடும். 30 அடிக்கும் அதிகமான ஆழத்திலிருந்து இழுத்த மீன் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். ஆழ்கடல் கெராப்பு மீன் வயிறு பிதுங்கி வருவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதேதான். தேவையானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடு. கன்னச் சதையை வெட்டி எறியாதே, அதில்தான் ருசி. அம்மா அன்று வைத்த புளிக்குழம்பில் "வாடையே இல்லாத மீன்" என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

போகிற அன்று எந்தக் கரையில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் சொல், எனக்கும் அனுப்பு. உனக்குக் காலை ஏழு என்றால் எனக்கு இரவு ஒன்பது. நீ கரை ஏறுவது எனக்கு விடியற்காலை. விழித்திருப்பேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

இதோடு தபாலில் ஒரு பொட்டலம் வருகிறது. ரப்பர் மரத்துண்டு இரண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஆணி பதித்துக் கூராக்கியிருக்கிறேன், நடுவில் கயிறு. பெரியவர் கழுத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்து நானே செய்தது. தண்ணீரில் விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏறுவதற்கு. கடையில் அழகானதாகக் கிடைக்கும், தெரியும். ஆணி முனைக்குக் கார்க் செருகியிருக்கிறேன், பைக்குள் குத்தாது. கிடைத்ததும் கழுத்தில் மாட்டி ஒரு படம் அனுப்பு. கோட்டுக்கு வெளியே தெரிகிற மாதிரி.

அன்புடன்,
அப்பா