குலுக்கலில் பெயர் போடலாமா?

அன்புள்ள முரளி,

அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே. உன் பேச்சைக் கேட்கமாட்டார், அது வேறு விஷயம். சால்ட் லேக் சிட்டியில் வெயில் இன்னும் கொளுத்துகிறது. ஆனால் நீ கேட்ட பனிக்காலப் பயணத்துக்கு இப்போதே உட்கார்ந்து திட்டம் போட வேண்டும்.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஸ்னோமொபைல், அதாவது பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி, ஓட்ட இரண்டு வழி. அனுமதி பெற்ற நிறுவனத்துக்குப் பணம் கட்டி, அவர்களுடைய வழிகாட்டியின் பின்னால் வரிசையாகப் போகலாம். பெர்மிட் கவலை நமக்கில்லை. வழிகாட்டி இல்லாமல் நாமே போவதென்றால் குலுக்கல். ஒரு வாசலுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு குழு, அதிகபட்சம் 5 வண்டிகள், 3 நாள் வரை. குலுக்கலில் உள்ள வாசல்கள் 4. விண்ணப்பம் செப்டம்பரில். பெயர் விழவில்லையென்றால், யாராவது ரத்து செய்த தேதிக்காகத் தத்கால் டிக்கெட் போலக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

உன் பையன் ஓட்ட முடியாது. முழு டிரைவிங் லைசென்ஸ் வேண்டும், லேர்னர் பெர்மிட் செல்லாது. உன் பின்னால் உட்கார்ந்து வரட்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், சமாளி. நாம் ஓட்டுவதற்கும் இணையத்தில் ஓர் இலவசப் பாடம் படித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும்.

"ஏதாவது விதிவிலக்கு இருக்குமே" என்றாயே, இருக்கிறது. தென்மேற்கு மூலையில் கேவ் ஃபால்ஸ் சாலைக்கு வழிகாட்டியும் வேண்டாம், வண்டியின் புகை, சத்தத்துக்கான கட்டுப்பாடும் இல்லை. ஆனால் பூங்காவுக்குள் அது ஏறக்குறைய ஒரு மைல்தான். அதைப் பிடித்து, பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றான ஓல்ட் ஃபெயித்ஃபுல் பக்கம் போய்விடலாம் என்று கனவு காணாதே.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று உனக்குத் தோன்றும். 2002 வாக்கில் மேற்கு வாசலில் புகை மண்டி, ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) முகமூடி போட்டு வேலை பார்த்தார்கள். அவர்கள் உட்காரும் கூண்டுக்குள் நல்ல காற்றைச் செலுத்த வேண்டியிருந்தது! கிளின்டன் அரசு ஸ்னோமொபைலையே ஒழிக்கப் பார்த்தது, புஷ் அரசு அதை மாற்றியது. வாஷிங்டன் நீதிபதி ஒன்று சொல்ல, வயோமிங் நீதிபதி நேரெதிராகச் சொன்னார். இழுபறி ஓய்ந்தது 2013 விதியில்தான். இன்று புகையும் சத்தமும் குறைந்தவை என்று பூங்கா பட்டியலிட்ட வண்டிகளுக்கே இடம். சொந்த வண்டியே இருந்தாலும் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் வாசலோடு சரி. வேகம் மணிக்கு 35 மைல். குளிரில் எலும்பும் தோலுமாக நிற்கும் காட்டெருமைகளும் அதே சாலையில்தான் நடக்கின்றன. அவற்றை நினைத்தால் இந்த விதிகள் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

மேற்கு வாசலுக்கே போடலாம் என்றிருக்கிறேன். வாசலை ஒட்டி ஊர் இருக்கிறது, பட்டியலில் உள்ள வண்டி வாடகைக்குக் கிடைக்கும், அங்கிருந்து ஓல்ட் ஃபெயித்ஃபுல் 30 மைல். ஆனால் ஒன்று, குழுத் தலைவர் காசு வாங்கக் கூடாது, செலவைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்பதும் விதி. போன தடவை மாதிரி பர்ஸை மறந்துவிட்டு வராதே.

ஜனவரி கடைசி வாரம் சரிப்படுமா? ரவியையும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
சேகர்