இன்னும் முடிவு செய்யாத ஒரு வாக்காளரின் மடல்

அக்டோபர் 2024

மதிப்புக்குரிய கமலா ஹாரிஸ் அவர்களுக்கும் டொனால்ட் டிரம்ப் அவர்களுக்கும்,

வணக்கம். பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியிலிருந்து எழுதுகிறேன். ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் மாநிலத்தின் 19 தேர்வாளர் வாக்குகளுக்காக வேட்பாளர்கள் இருவரும் மாறி மாறி வருகிறீர்கள். தபால் பெட்டியைத் திறந்தால் உங்கள் துண்டறிக்கை, போனை எடுத்தால் உங்கள் ஆட்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

செப்டம்பர் 10 அன்று ஃபிலடெல்பியாவில் நடந்த உங்கள் விவாதத்தைக் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். குடியேற்றம் பற்றிப் பேச்சு வந்ததும் என் தங்கை டிவி சத்தத்தைக் கூட்டினாள். எல்லை வந்தது. ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறியவர்கள் நாயையும் பூனையையும் தின்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. அவள் காத்திருந்த விஷயம் மட்டும் வரவில்லை.

தங்கை குடும்பம் எச்-1பி என்ற வேலை விசாவில் 2008-இல் வந்தது. அவள் மகளுக்கு அப்போது நான்கு வயது. கிரீன் கார்டுக்கு 2014-இல் மனு போட்டார்கள். கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்ற வரம்பால், அவர்கள் நிற்கும் வரிசை 2012-இல் மனு போட்டவர்களை இன்னும் தாண்டவில்லை. வருகிற மார்ச்சில் பிள்ளைக்கு 21 ஆகிறது. அதோடு பெற்றோர் விசாவில் அவளுக்கு இடமில்லை. மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும்.

என் மகளும் அவளும் ஒரே வயது, ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். போன வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒருத்தி தபால் ஓட்டுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி விசா மாற்றப் படிவத்தில் வெளிநாட்டு விலாசம் கேட்கும் கட்டத்தில் நின்றுவிட்டாள். “பெரியம்மா, இதில் எந்த விலாசத்தைப் போடுவது?” திருச்சியில் தாத்தா வீட்டை விற்று வெகுகாலமாகிறது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஹாரிஸ் அவர்களே, அந்த 7 சதவீத வரம்பை நீக்க 2019-இல் செனட்டர் மைக் லீயுடன் சேர்ந்து மசோதா கொண்டுவந்தவர் நீங்கள். டிரம்ப் அவர்களே, கல்லூரி முடித்தவர்களுக்குத் தானாகவே கிரீன் கார்டு தர வேண்டும் என்று இந்த ஜூனில் சொன்னவர் நீங்கள். அடுத்த சில மணி நேரத்திலேயே உங்கள் பிரசாரக் குழு அதைச் சுருக்கிவிட்டது. பெற்றோர் விசாவில் வளர்ந்து 21-இல் இடம் இழக்கும் இந்தப் பிள்ளைகளுக்காகவே இரு கட்சி செனட்டர்களும், அலெக்ஸ் பாடியாவும் ராண்ட் பாலும், சேர்ந்து கொண்டுவந்த மசோதா கிடப்பில் கிடக்கிறது. அது உங்கள் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போடுவீர்களா? இதுதான் என் கேள்வி.

மற்றதையும் எடைபோடாமல் இல்லை. இறக்குமதி எல்லாவற்றுக்கும் சுங்க வரி போட்டால் விலைவாசி எங்கே போகும்? பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் ஃபிராக்கிங்கைத் தடை செய்வேன் என்ற ஹாரிஸ் இப்போது மாட்டேன் என்கிறார், எதை நம்புவது? ஒன்பது வருடமாக அரசியலில் இருக்கும் டிரம்பிடம் மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டம் கேட்டால், யோசனைகள் இருக்கின்றன என்கிறார். டிப்ஸுக்கு வரி இல்லை என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. ஓட்டு உள்ளவர்கள் கேட்பதற்கு உடனே வாக்குறுதி வருகிறது. என் தங்கை பதினாறு வருடமாக இங்கே வரி கட்டுகிறாள். அவளுக்கு ஓட்டு இல்லை, அதனால் அவள் பிள்ளையைப் பற்றிப் பேச உங்களுக்கு நேரமும் இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 5-க்கு முன்னால், எங்கள் மாநிலத்துக்கு அடுத்து வரும்போது மேடையிலேயே சொல்லுங்கள்: கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? தயவுசெய்து ஒரு வார்த்தையில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பக்ஸ் கவுண்டி வாக்காளர் ஒருத்தி