மொழிக்கு ஒரு தேர்வு, சட்டத்துக்கு ஒரு தேர்வு

ஆசிரியருக்கு வணக்கம்.

இளம் ராணுவ அதிகாரிகளின் பயிற்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மொழிப் பாடமும் சட்டப் பாடமும் களப் பயிற்சிக்கான நேரத்தைத் தின்றுவிடுகின்றன என்று அதில் ஒரு குறை. பயிற்சிக் கழகம் ஒன்றில் சில வருடங்கள் போர்ச் சட்டம் நடத்தியவன் நான். நேரம் வீணாவது உண்மைதான். அதற்குப் பாடத்தை நொந்து பயனில்லை, நடத்துகிற எங்களைத்தான் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பையன். போரில் கைதிகளையும் காயம்பட்டவர்களையும் சாதாரண மக்களையும் எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்களின் பிரிவு எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எழுத்துத் தேர்வில் முதலிடம். அப்புறம் களத்தில் ஒரு ஒத்திகை நடந்தது. கைதியாக நடித்தவர் வேறு மொழிக்காரர். "மண்டியிடு" என்று பையன் தன் மொழியில் கத்தினான். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை, விழித்தபடி நின்றார். இரண்டாம் முறை குரல் உயர்ந்தது, மூன்றாம் முறை துப்பாக்கி உயர்ந்தது. முரட்டுப் பையன் என்று அவனைச் சொல்ல மாட்டேன். எதிரில் நிற்பவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பதும் தான் படித்த சட்டத்தில் சேர்த்தி என்று அவனுக்குத் தோன்றவில்லை. நானும் அதை அழுத்திச் சொல்லியிருக்கவில்லை.

1949-ல் உருவான மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தத்தைப் புரட்டினால் மொழி அடிக்கடி எதிர்ப்படும். போர்க்கைதியை அவருக்குப் புரியும் மொழியில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது 17-ம் பிரிவு. கைதிக்குத் தனியாக இடும் கட்டளையும் அப்படியே இருக்க வேண்டும், ஒப்பந்தத்தின் வாசகம் அவர்களுடைய சொந்த மொழியில் முகாமில் ஒட்டப்பட வேண்டும் என்கிறது 41-ம் பிரிவு. சாதாரண மக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதலுக்கு முன், சூழ்நிலை இடம் கொடுத்தால், பயனுள்ள முன்னெச்சரிக்கை தரச் சொல்கிறது அந்த ஒப்பந்தங்களோடு 1977-ல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை. வாசிக்கத் தெரியாத மொழியில் துண்டறிக்கை போட்டால் என்ன பயன்?

அதே நெறிமுறைப்படி தளபதிகளுக்குச் சட்ட ஆலோசகர்கள் உண்டு. சரி, நள்ளிரவில் சோதனைச் சாவடியில் நிற்கும் இருபத்திரண்டு வயது லெப்டினன்ட்டுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? 1968-ல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் பொதுமக்களைக் கொன்ற படுகொலையை விசாரித்த அமெரிக்க ராணுவத்தின் பீர்ஸ் குழு, அங்கே போன படையினருக்குப் போர்ச் சட்டப் பயிற்சி போதவில்லை என்று பதிவு செய்ததை அந்தக் கட்டுரையாளரும் படித்திருப்பார்.

எல்லா கேடட்டும் இன்னொரு மொழியைச் சரளமாகப் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடிப்படைக் கட்டளைகள் சில தெரிந்தால் போதும். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசும் பழக்கம்தான் முக்கியம்: சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவது, மொழிபெயர்ப்பவரை விட்டுக் கைதியின் முகத்தைப் பார்ப்பது, சொன்னதை அவர் வாயாலேயே திரும்பக் கேட்பது.

அதற்கு இரண்டு பாடத்துக்கும் சேர்த்து ஒரே செய்முறைத் தேர்வு வைக்கலாம். சட்ட ஆசிரியரும் மொழி ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும். நான் ஓய்வு பெறும் முன் ஒரே ஒருமுறை அப்படி நடத்திப் பார்த்தோம். கைதியின் பெயரைக் கேட்டு வாங்குவதற்குள்ளேயே பாதிப் பேர் திணறிவிட்டார்கள். மதிப்பெண்ணை எந்தத் துறையின் கணக்கில் சேர்ப்பது என்று தகராறு கிளம்பியது, மறு வருடம் தேர்வையே விட்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்ட விரிவுரையாளர் ஒருவர்