மின்பலகை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வேலைமேசை கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பின்னேரங்களில் திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் கண்டிருப்பார்கள். நாலைந்து பிள்ளைகள் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, சில்லும் மோட்டரும் பூட்டிய பலகையில் (மின்சார ஸ்கேட்போர்ட்) நின்றபடி போய் வருவார்கள். பலகை, பற்றரி எல்லாம் அவர்களே செய்தவை. "இதெல்லாம் தீப்பிடிக்கிற சாமான், பறித்து எறிய வேண்டும்" என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் உவர்மலையில் மோட்டர் வைண்டிங் வேலை செய்கிறவன். கடைக்கு வருவது பெரும்பாலும் எரிந்துபோன தண்ணீர்ப் பம்பிகள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என் தங்கையின் மகன், உயர்தரம் படிக்கிறான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலத்தில் அவனுக்கு இந்த எண்ணம் வந்தது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவில் இவர்களை ஓட விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மான்கள் நினைத்த இடத்தில் குறுக்கே பாய்கிற ஊர் இது. சத்தமே இல்லாமல் வருகிற பலகையை மானும் கேட்காது, வயதானவர்களும் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் செய்கிற வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்காமல் தடை பேசுவது சரியில்லை.

அவன் பூட்டியிருப்பது ஹப் மோட்டர், அதாவது சில்லுக்குள்ளேயே அடங்கிய மோட்டர். பம்பியில் செப்புச் சுருள் வெளியே அசையாமல் நிற்கும், உள்ளே ரோட்டர் சுழலும். இதில் எல்லாம் தலைகீழ். சுருள் சுற்றிய நடுப்பகுதி அச்சோடு இறுகி நிற்க, காந்தம் ஒட்டிய வெளி ஓடு சுழலும். அந்த ஓட்டின் மேலேயே சில்லின் ரயர். வீட்டு சீலிங் ஃபேனிலும் இப்படி நடுவில் சுருள் நிற்க வெளி ஓடுதான் சுழலும். பெல்ட்டும் பற்சில்லும் இல்லாததால் பழுது குறைவு. ஆனால் மேட்டில் ஏறும்போது மோட்டர் திணறும், சூடாகும். சுருள் உள்ளே இருப்பதால் அந்தச் சூடு வெளியேற வழியும் குறைவு. சாதாரண தர நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியசைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும். இதையெல்லாம் அவன்தான் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். 90 மில்லிமீற்றர் சில்லு, ஒரு சுற்றுக்கு 28 சென்ரிமீற்றர். வோல்ற்றுக்கு 75 சுற்றுப்படி 36 வோல்ற்றில் நிமிடத்துக்கு 2700 சுற்று. சுமையில்லாமல் சுற்றினால் மணிக்கு 45 கிலோமீற்றர். அதை 20இல் கட்டி வைத்திருக்கிறான். சுவீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் என்பவர் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட கொன்ட்ரோலர் (மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வடிவமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் வேகம், மின்னோட்டம், பிரேக் எல்லாவற்றுக்கும் எல்லை வைக்கலாம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய பழுதுகளும் உண்டு. மோட்டரின் காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்வது ஹோல் சென்சர். உப்புக் காற்றில் அதன் மெல்லிய முனைகள் பச்சை பூத்துவிடும். அது பழுதானால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது சில்லு குலுங்கும், காலால் உந்தித்தான் ஓட்ட வேண்டும். புல்மோட்டைக் கடற்கரைக்குப் போய்வந்த மோட்டர் ஒன்றை என் மேசையில் கழற்றினோம். காந்தங்களின் விளிம்பில் கறுப்பு மணல் குத்திட்டு நின்றது. இல்மனைட் என்ற கனிம மணல். அங்கே தொழிற்சாலையிலேயே அதைக் காந்தம் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளி. அதற்குள் அந்த மணல் போனால் என்னாகும் என்று எந்த வைண்டிங்காரனைக் கேட்டாலும் சொல்வான்.

உண்மையான ஆபத்து பற்றரியில் இருக்கிறது. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளமுள்ள லிதியம் செல்கள் முப்பதை, மும்மூன்றாகப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, அப்படிப் பத்துக் கூட்டங்களைத் தொடராக இணைக்கிறார்கள். பெயருக்கு 36 வோல்ற், முழுச் சார்ஜில் 42. ஒரு பிள்ளை கடையில் "புதுசு" என்று வாங்கிய செல்லைக் கொண்டுவந்தான். நீல உறையில் 9900 மில்லி அம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தது. இந்த அளவுச் செல்லில் நல்ல கம்பனிச் சரக்கே 3500ஐச் சுற்றித்தான் நிற்கும். உறையை உரித்தோம். முனையில் இரண்டிரண்டாகப் பழைய வெல்டிங் புள்ளிகள், அவற்றை அரத்தால் தேய்த்த கீறல்கள். யாருடைய மடிகணினியிலோ உழைத்துக் களைத்த செல் அது. அப்படி முப்பதைச் சேர்த்து ஓட்டினால் பலவீனமானது முதலில் வடிந்து சூடாகும். தரம் சொல்லாமல் இதைப் பிள்ளைகளுக்கு விற்கிற வியாபாரியை யாரும் கேட்பதில்லை. பிள்ளையைத்தான் ஏசுகிறோம்.

செல்லின் மேல் நேரே சோல்டர் வைத்தால் உள்ளே இருக்கும் பிரிப்புத் தாள் சூட்டில் கெடும். நிக்கல் தகட்டை ஸ்பொட் வெல்டிங்கில்தான் ஒட்ட வேண்டும். மின்சைக்கிளின் 36 வோல்ற் ஈய அமிலப் பற்றரிக்கான சார்ஜரில் இதைச் செருகவே கூடாது. அது 44 வோல்ற் வரை ஏற்றும். சார்ஜ் போடுவது சீமெந்துத் தரையில், கண்முன்னே. இரவில் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்குவது வேண்டாம்.

மேட்டில் குடியிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். இந்தப் பலகையின் பிரேக், மோட்டரை ஜெனரேட்டராக்கி மின்சாரத்தைப் பற்றரிக்கே திருப்பி அனுப்புகிறது. வீட்டில் முழுச் சார்ஜ் போட்டவுடன் உவர்மலையிலிருந்து இறங்கினால், நிறைந்த பற்றரியில் அந்த மின்சாரத்துக்கு இடமில்லை. பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டிக்கும். வோல்ற்றளவு எகிறி கொன்ட்ரோலர் நின்றால், இறக்கத்தின் நடுவில் பிரேக் போய்விடும். மேட்டு வீட்டுக்காரர் 40 வோல்ற்றோடு சார்ஜை நிறுத்திவிட்டு இறங்குவதே நல்லது. இதைச் சொல்லித் தர ஓர் ஆள் இல்லாத இடத்தில் தடை போட்டு என்ன பயன்? பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் செய்வார்கள், அவ்வளவுதான்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது. அதற்கான ஆய்வுகூடமுள்ள பாடசாலைகள் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் கதவைத் திறந்து, ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு வேலைமேசை கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நகர நிர்வாகம் ஞாயிறு காலையில் வாகனமில்லாத தார்த்தரை ஒன்றை ஒதுக்கித் தரட்டும். தலைக்கவசம் போடாதவனை அதற்குள் விட வேண்டாம்.

என்னிடம் ஸ்பொட் வெல்டர், மல்ரிமீற்றர், செல்லின் கொள்ளளவு பார்க்கும் கருவி எல்லாம் இருக்கின்றன. எந்த ஆசிரியர் சம்மதித்தாலும் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, நல்ல செல் எது, கெட்டது எது என்று பிரித்துக் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். காசு வேண்டாம். உங்கள் பத்திரிகை மூலம் தகவல் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
மோட்டர் வைண்டிங் தொழிலாளி ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.